போக்குவரவு ரத்தானால் பஸ் ஓடாதா?

எல்லைக் கிராமங்களில் ஒரு சர்க்கார் சொல் படுத்தும் பாடு

பாறசாலையில் பஸ் ஏறினால் சில நிமிஷங்களில் களியக்காவிளை. நடுவே மாநில எல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகாவும் வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டார்கள். ஆனால் அது கேரளத்தோடு நின்றுவிட்டது. அன்று முதல் எல்லைக்கு இப்பால் உள்ள தமிழர் வீடுகளில் பேச்சு தமிழ். வாசலுக்கு வரும் சர்க்கார் கடிதம் மலையாளம்.

அப்படி ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'போக்குவரவு ரத்தாக்கியிரிக்குன்னு' என்று இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் அதைக் கேட்டால், "ஏன், பஸ் ஓடாதா?" என்பார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டு, "பஸ் இல்லை ஐயா, நிலம்!" என்பார். உடனே வீட்டில் அழுகுரல் கிளம்பும்: "ஐயோ, நிலம் போய்விட்டதா?"

இரண்டு பொருளும் தவறு. கேரள வருவாய்த் துறையில் 'போக்குவரவு' என்பது, நிலம் கைமாறியபின் கிராமக் கணக்கில் பெயர் மாற்றுவது. தமிழ்நாட்டில் இதையே பட்டா மாறுதல் என்கிறார்கள். இது நிலவரி வசூலுக்கான ஏற்பாடே தவிர, நிலத்தின் உரிமையைத் தீர்மானிப்பதல்ல. உரிமையை முடிவு செய்வது சிவில் கோர்ட்டுதான். 1966ஆம் ஆண்டின் கேரளப் பதிவு மாற்ற விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லுகின்றன. போக்குவரவு ரத்தானால் கணக்கில் உள்ள பெயர்தான் மாறுகிறது. கிரயப் பத்திரம் செத்துவிடுவதில்லை.

ஒரே குடும்பத்துச் சொற்கள்

'ரத்து' அரபு மொழியிலிருந்து வந்த சொல். திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்பது அதன் மூலப் பொருள். கச்சேரி மொழியோடு கலந்து வந்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் தங்கிவிட்டது. உயிரோடு இருந்த ஒன்றை இல்லாமல் ஆக்குவதே ரத்து. லைசென்சு, ரேஷன் கார்டு, நியமன உத்தரவு ஆகியவை ரத்தாகலாம். கையில் உள்ளதைப் பறிக்கும்முன் காரணம் சொல்லி, சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்பதே பொது நியாயம்.

'நிரசிச்சு', 'தள்ளி' என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. கேட்டது கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். குறை தீர்த்து மறுபடி மனுப் போட முடியுமா, அப்பீல் செய்ய வேண்டுமா என்று பார்க்கவேண்டும். தமிழிலும் 'தள்ளுபடி' பலமுகம் கொண்ட சொல்லே. மனு தள்ளுபடியானால் துக்கம். கடன் தள்ளுபடியானால் சந்தோஷம். ஜவுளிக் கடையில் தள்ளுபடி என்றால் கூட்டம்!

'பின்வலிச்சு' என்றால் வாபஸ். உத்தரவு போட்டவரே அதைத் திரும்பப் பெறுவது, அல்லது மனுக் கொடுத்தவரே மனுவை எடுத்துக்கொள்வது. 'மரவிப்பிச்சு' என்றால் நிறுத்திவைப்பு. உத்தரவுக்கு உயிர் இருக்கிறது, நடமாட்டம் இல்லை.

'அசாதுவாக்கி' என்று கண்டால், சாதுவான மனிதரைப் பற்றியது என்று நினைக்கவேண்டாம். செல்லாததாக்கியது என்பது பொருள். 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு நேர்ந்ததை மலையாளப் பத்திரிகைகள் இந்தச் சொல்லால்தான் எழுதின.

மிகவும் ஏமாற்றும் சொற்கள் இரண்டு. 'நிர்த்தலாக்கி' என்பது தமிழ்க் காதுக்குச் சற்று நிறுத்தியதுபோல் ஒலிக்கும். உண்மையில் அடியோடு ஒழித்தது என்று பொருள். கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலையாளப் பெயரில் இருப்பது இந்தச் சொல்லே. மாறாக 'ஒழிவாக்கி' என்பது ஒழித்துக்கட்டியதுபோல் பயமுறுத்தும். வரியிலிருந்து 'ஒழிவாக்கி' என்றால் விலக்கு அளித்தது என்று பொருள், மகிழவேண்டிய செய்தி. பட்டியலிலிருந்து பெயரை 'ஒழிவாக்கி' என்றால் நீக்கியது, கவலைப்படவேண்டிய செய்தி.

செத்த சட்டம் வாழ்ந்த கதை

சட்டத்தையே ரத்துச் செய்வதைத் தமிழ்ச் சட்டநூல்கள் 'நீக்கறவு' என்கின்றன. இந்தச் சொல்லின் பலம் என்ன என்பதை இந்த எல்லைப்புறம் நன்றாக அறியும்.

1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில பிரிவினருக்கு மட்டும் அச்சட்டமே விலக்கு அளித்திருந்தது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற ஆசிரியை இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1986ல் தீர்ப்பு வந்தது. இந்திய வாரிசுச் சட்டத்தைத் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் விரிவாக்கிய 1951ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அதற்கு இணையான உள்ளூர்ச் சட்டத்தை அப்போதே நீக்கறவு செய்துவிட்டது என்று கோர்ட்டு சொல்லிற்று. அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியே செத்துப்போயிற்று. ஆனால் 35 ஆண்டுகள் அது உயிரோடு இருப்பதாக நம்பிப் பாகப்பிரிவினைகள் நடந்திருக்கின்றன! ரத்து என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது. மகள்களின் காதுக்கு எட்டவில்லை.

என்ன கேட்கவேண்டும்?

ஆகவே கடிதம் வந்தால், "முடிந்துபோயிற்று" என்று மடித்து வைப்பது கூடாது. மூன்று கேள்விகளுக்கு விடை தேடவேண்டும். ரத்தா, நிராகரிப்பா, நிறுத்திவைப்பா? எந்தத் தேதி முதல்? அப்பீல் யாரிடம், எத்தனை நாளுக்குள்?

கேட்பதற்கும் வழி உண்டு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அப்பீலுக்கு எத்தனை நாள் என்று தேடுகிறவர், கடிதத்தில் 'அவகாசம்' என்ற சொல்லைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக்கூடாது. தமிழில் அவகாசம் என்றால் தவணை. மலையாளத்தில் அதற்கு உரிமை என்று பொருள். தவணை எவ்வளவு என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த நாள் கடந்துவிட்டால், இருக்கிற உரிமையை நிலைநாட்டுவதும் கடினமாகிவிடும்.