கைக்கும் ஓர் அறிவு உண்டு

என் தாத்தா கிள்ளானில் பத்தர் வேலை செய்தவர். உமியோட்டின் முன் அமர்ந்து ஊதுகுழலால் நெருப்பைக் கூராக்குவார். இரண்டு பொன் துண்டுகளுக்கு நடுவே பொடியை உருக்கி ஒட்டுவார். பள்ளி விடுமுறைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கம்பி இழுக்கவும் அரம் போடவும் கற்றேன்.

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று, நகை வடிவமைப்பு படிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். முதலில் மறுத்தவர் தாத்தாதான்.

"மூளை இருக்கிறவன் வேற ஏதாச்சும் படிக்கணும்ப்பா. இந்த வேலை என்னோட போகட்டும்" என்றார்.

அப்படியானால் கைவேலைக்கு மூளை வேண்டாமா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். எனக்குப் பதில் கிடைத்தது அமெரிக்க நகைக் கலைஞர் ஒருவரிடமிருந்து.

அவர் பெயர் புரூஸ் மெட்காஃப். 1949இல் பிறந்தவர். கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர். அவர் செய்யும் உடையூசிகளை எடைபோட்டு விலை சொல்ல முடியாது. மரத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, வெள்ளியும் பித்தளையும் சேர்த்துச் சின்னஞ்சிறு மனிதர்களை உருவாக்குகிறார். பெரிய தலை, மெலிந்த உடல். பார்த்தால் கேலிச்சித்திரம் போலிருக்கும். ஆனால் அந்தக் குட்டி மனிதர்கள் பயப்படுகிறார்கள், தடுமாறுகிறார்கள், எதையோ சுமந்து தவிக்கிறார்கள். சில உடையூசிகளுக்குக் குட்டி மேடை போன்ற பின்னணியும் உண்டு. அணியாத நேரத்தில் அந்த மனிதர் தன் மேடைக்குத் திரும்பிவிடுவார். உள்ளங்கை அளவில் ஒரு நாடகமே நடக்கிறது!

என்னைப் பிடித்து நிறுத்தியவை அவருடைய கருத்துகள். கைவினையை ஓவியம், சிற்பம் ஆகியவற்றின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்று 1993இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். கையால் செய்வது, குறிப்பிட்ட பொருளோடு உறவாடுவது, பயன்படுவது, மரபைத் தொடர்வது ஆகியவைதாம் கைவினையின் அடையாளங்கள் என்பது அவர் கருத்து. நகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதன் பாதி உயிர் போய்விடும். ஒருவர் நெஞ்சில் அது ஏறும்போதுதான், எதிரே வருபவர் "இது என்ன?" என்று கேட்பார். கதை அங்கே தொடங்குகிறது.

உளவியல் அறிஞர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் ஏழு வகை அறிவுகளைப் பற்றி எழுதினார். மொழி, கணிதம் போல உடலுக்கும் ஓர் அறிவு உண்டு என்றார். அந்தக் கருத்தைக் கைவினைஞர்களுக்குப் பொருத்திக் காட்டியவர் மெட்காஃப்.

அதைப் படித்ததும் தாத்தாவின் நெருப்புதான் நினைவுக்கு வந்தது. பொடி உருகும் நொடியை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? வெப்பமானி கிடையாது. உலோகத்தின் நிறம் மாறுவதைக் கண் பார்க்கும். மூச்சு உடனே தணியும். ஒரு நொடி தாமதித்தால் நகையே உருகிவிடும். இது சிந்தனை இல்லையென்றால் வேறு எது சிந்தனை?

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, நண்பர்களே. இதே மெட்காஃப், ஜேனட் கோப்லோஸ் என்பவருடன் சேர்ந்து அமெரிக்கக் கைவினையின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி 2010இல் வெளியிட்டார். உளி பிடித்த கைதான் பேனாவும் பிடித்தது. படிப்பா கைவேலையா என்று நம்மில் பலரை வீட்டில் கேட்கிறார்கள். இரண்டும் என்று சொல்லலாம். ஆனால் இரண்டிலும் உழைக்க வேண்டும்.

கடந்த பருவத் திட்டப்பணிக்கு நான் வெள்ளியில் ஓர் உடையூசி செய்தேன். பெரிய மூக்குக்கண்ணாடி, உப்பிய கன்னம், வாயில் ஊதுகுழல். ஆம், தாத்தாதான்!

அவரிடம் கொடுத்தேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்புறம் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

"பொடி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

பிறகு அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு தேநீர்க் கடைக்குக் கிளம்பினார். நானும் உடன் போனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா இது, புதுசா இருக்கு?" என்று கேட்டார்.

தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.