கணிப்பொறிக்குள் ஓர் ஒற்றன்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் அமைப்பில் தீய நிரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது உண்மையே என்று அதில் உறுதி செய்தது. நிகழ்ந்த இடம் கூடங்குளம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று முத்துக்குளித்துறைக் கரையோடு தெற்கே சென்றால் வரும் கூடங்குளந்தான் அது.

நிரல் புகுந்திருந்தது நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணிப்பொறியில். மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4-ஆம் நாளே கவனித்துத் தெரிவித்திருந்தது. ஆலையின் முக்கியமான உள் வலையமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் ஆலைக்குப் பாதிப்பில்லை என்று கழகம் விளக்கியது. புகுந்த நிரல் டிட்ராக் என்னும் உளவு நிரல் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர்.

மாணவர்களே! அணுமின் நிலையத்து அலுவலகக் கணிப்பொறிக்குள்ளேயே நுழைய முடிந்தது என்றால், உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்குள் நுழைவது அரிதா? நுழைந்தால் அதை எவ்வாறு வெளியேற்றுவது? வெளியேற்றிய பின் மீண்டும் வராமல் எவ்வாறு தடுப்பது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓசையில்லாத திருட்டு

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தின் பணிகள் அதனால் முடங்கின. அந்த நிரல் வந்தது எல்லோருக்கும் உடனே தெரிந்தது. திரைகள் நின்றன, சரக்கு தேங்கியது.

ஸ்பைவேர் எனப்படும் உளவு நிரலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது எதையும் உடைக்காது, உடைத்தால் அகப்பட்டுக்கொள்ளும். டிட்ராக்கையே எடுத்துக்கொள்வோம். விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துகளை அது பதிவு செய்யும். எந்த இணையதளங்களைப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளும். வட்டில் உள்ள கோப்புகளையும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும் பட்டியலிடும். பிறகு அவற்றைத் தன் எசமானருக்கு அனுப்பும்.

இதில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியுள்ளது. கடவுச்சொல் எட்டு எழுத்தாயினும் இருபது எழுத்தாயினும், தட்டும்போதே திருடப்பட்டால் அதன் நீளத்தால் பயனில்லை. உங்கள் தந்தையார் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், நீங்கள் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் ஒரே கணிப்பொறியில் என்றால், அங்குள்ள ஒற்றனுக்கு இரண்டும் தெரியும்.

இருப்பதை எப்படி அறிவது? உலாவியின் முகப்புப் பக்கம் தானே மாறியிருத்தல், வேண்டாத விளம்பரங்கள் தோன்றுதல், ஆன்டிவைரஸ் தானே அணைந்திருத்தல் ஆகியவை ஐயத்துக்குரிய அறிகுறிகள். கணிப்பொறி மெதுவாக ஓடுவது மட்டும் சான்றாகாது. பழைய கணிப்பொறிகள் எல்லாமே மெதுவாகத்தான் ஓடும். அறிகுறி ஏதும் இல்லாததும் நலத்துக்குச் சான்றாகாது.

மீண்டும் முளைப்பது ஏன்?

"அந்தக் கோப்பை அழித்துவிட்டேன், மறுநாள் மறுபடியும் வந்துவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். காரணம் இதுதான். வட்டில் கிடக்கும் நிரல் உறங்கும் நிரல். அதை நினைவகத்தில் ஏற்றினால்தான் அது வேலை செய்யும். மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் வெறுமையாகிவிடும். எனவே ஒவ்வொரு முறை கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போதும் தன்னை எழுப்பிவிட உளவு நிரல் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தொடக்க நிரல்களின் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கலாம். குறித்த நேரத்தில் ஓட வேண்டிய பணியாகத் தன்னைப் பதியலாம். உலாவியின் துணை நிரலாக ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றை அழித்தால் மற்றொன்று வழியாக எழுவதற்கு வசதியாக, பல இடங்களில் பிரதிகளை வைப்பதும் உண்டு.

மன்னார் வளைகுடாவில் இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பது 2008-இல் தெரியவந்தது. அதைக் கையால் பறித்து அகற்ற முயன்றனர். ஆனால் அது துண்டிலிருந்தே வளரும் இனம். பாறையிடுக்கில் சிறு துண்டு தங்கினாலும் மீண்டும் படரும். உளவு நிரலும் அவ்வாறே. அதன் உடலையும், அதை எழுப்பும் ஏற்பாட்டையும், அது நுழைந்த வாயிலையும் சேர்த்துக் கவனித்தால்தான் நீக்கம் முழுமை பெறும்.

நீக்கும் முறை

முதலாவது, இணைய இணைப்பைத் துண்டியுங்கள். செய்தி அனுப்ப வழியில்லாத ஒற்றனால் தீங்கு குறைவு. தொலைவிலிருந்து அவனுக்குப் புதிய கட்டளையும் வராது.

இரண்டாவது, உங்கள் பாடக் குறிப்புகள், படங்கள் போன்றவற்றை வேறொரு வட்டில் படி எடுங்கள். நிரல்களைப் படி எடுக்காதீர்கள்; ஒற்றனும் அவற்றோடு கூட வரக்கூடும்.

மூன்றாவது, நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலையும் உலாவியின் துணை நிரல்களையும் வரிசையாகப் பாருங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் தொடக்கத்தில் ஓடும் நிரல்களின் பட்டியலும் கிடைக்கும். வீட்டில் யாரும் நிறுவாத பெயர் தென்பட்டால் அது என்னவென்று விசாரித்து, தேவையற்றதாயின் நீக்குங்கள். விவரம் அறியாமல் விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் கை வைக்க வேண்டாம்.

நான்காவது, ஆன்டிவைரஸின் பட்டியலைப் புதுப்பித்து முழுச் சோதனை நடத்துங்கள். புதுப்பிக்கும் சிறிது நேரத்துக்கு மட்டும் இணையத்தை இணைக்கலாம். அறிந்த தீய நிரல்களின் அடையாளங்களை இந்தப் பட்டியல் தாங்கி நிற்கிறது. டிட்ராக்கில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கண்டதாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. பழைய பட்டியல் ஏன் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. "இந்த வட்டில் என்னென்ன கோப்புகள் உள்ளன?" என்று ஆன்டிவைரஸ் இயக்க அமைப்பைத்தான் கேட்கிறது. அந்த விடையையே திரிக்கும் நிரல் உள்ளே இருந்தால் என்ன செய்வது? இது கற்பனையன்று. சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைக் குறுந்தட்டுகள், கணிப்பொறியில் இட்டதும் இத்தகைய மறைப்பு நிரலை நிறுவின. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் கோப்புகளையெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. 2005 அக்டோபரில் மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் இதை வெளிப்படுத்தினார்.

திருடன் உறங்கும்போது வீட்டைச் சோதிப்பதே இதற்கு மாற்று. வழக்கமான விண்டோஸை இயக்காமல், தனியான சிறு அமைப்பைக் கொண்டு கணிப்பொறியை இயக்கி வட்டைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனை இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 15 நிமிடங்களில் அது முடிந்துவிடும்.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் நீங்கவில்லையெனில், வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி.

ஐந்தாவது, கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஒற்றன் வெளியேறினாலும் அவன் எடுத்துச் சென்றது திரும்பி வராது. வரிசை மிக முக்கியம்: தூய்மை செய்யாத கணிப்பொறியில் மாற்றினால் புதிய சொல்லையும் அவனிடமே ஒப்படைத்ததாகும். நோயற்ற வேறொரு கருவியில் உடனே மாற்றலாம். அல்லது தூய்மை செய்த பின் மாற்றலாம். மின்னஞ்சலை முதலிலும் வங்கிக் கணக்கை அடுத்தும் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான். பணம் பறிபோயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் பெரியவர்கள் வாயிலாகப் புகார் செய்யுங்கள்.

திரும்பி வராமல் தடுக்க

ஒரு நிரலை யார் இயக்குகிறாரோ அவருக்குள்ள அதிகாரமே அந்த நிரலுக்கும் கிடைக்கும். எனவே அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். சாதாரணக் கணக்கு ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தவறி ஒரு தீய நிரலைச் சொடுக்கினாலும் அதனால் கணிப்பொறி முழுவதையும் எளிதில் கைப்பற்ற முடியாது.

இயக்க அமைப்பிலும் உலாவியிலும் காணப்படும் ஓட்டைகளை அவ்வப்போது வரும் திருத்தங்களே அடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. அதை இன்னும் பயன்படுத்துவோர் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது புதிய அமைப்புக்கு மாற வேண்டும்.

திருட்டுப் பிரதிகளாகக் கிடைக்கும் விளையாட்டுகளையும் மென்பொருள்களையும் தவிர்த்துவிடுங்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுக" என்ற குறிப்போடு ஒரு நிரல் வந்தால் அதன் நோக்கம் என்னவென்று எண்ணிப் பாருங்கள். அறிந்தவர் பெயரில் வரும் மின்னஞ்சலாயினும், எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பென் டிரைவிலும் கவனம் தேவை. ஈரான் நாட்டின் நட்டான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைத் தாக்கியதாக அறியப்படும் ஸ்டக்ஸ்நெட் 2010-இல் வெளிப்பட்டது. இணையத்தோடு தொடர்பில்லாத இடங்களுக்கும் பென் டிரைவ் வழியே அது செல்லக்கூடியது. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவை வீட்டில் திறக்குமுன் சோதியுங்கள்.

கடைசியாக, முக்கியமான கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்துங்கள். செல்பேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணையும் சேர்த்துக் கேட்டால், திருடப்பட்ட கடவுச்சொல் மட்டும் கொண்டு உள்ளே நுழைய இயலாது.

கூடங்குளத்தில் ஒரு கணிப்பொறியில் நோய் கண்டபோதும் அது ஆலையின் உள்ளமைப்பை எட்டாததற்குக் காரணம், இரண்டையும் முன்பே பிரித்து வைத்திருந்ததுதான். வீட்டிலும் அவ்வாறே ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்ய வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் தொடக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் என்ன வேலை செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?