அறுத்தால் பரவும் அடைப்பான்

2011-ம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், சாமா மாவட்டக் காட்டுப் பகுதியில் நீர்யானைகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. மொத்தம் 85. அக்கம்பக்கத்து கிராம மக்கள் அந்தக் கறியை வெட்டி எடுத்துப் போய்ச் சமைத்தார்கள். அந்தச் செப்டம்பரில் 511 பேருக்கு ஆந்த்ராக்ஸ் என்று பதிவானது; 5 பேர் இறந்தார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் 284 பேரிடம் விசாரித்தார்கள். 84 சதவீதத்தினர் நீர்யானைக் கறி சாப்பிட்டிருந்தார்கள். இனியும் ஒரு நீர்யானை செத்துக் கிடந்தால் சாப்பிடுவீர்களா என்ற கேள்விக்கு, இத்தனைக்கும் பிறகு, 23 சதவீதத்தினர் சாப்பிடுவோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் உணவுப் பற்றாக்குறை.

ஆந்த்ராக்ஸ் என்றதும் 2001-ல் அமெரிக்காவில் தபால் உறைகளில் வந்த வெள்ளைப் பொடிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதிலும் இறந்தவர்கள் 5 பேர்தான். அதை உலகமே அறியும். சாமாவை அறிந்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் இந்த நோயின் உண்மையான இருப்பிடம் ஆடு, மாடு மேயும் நிலமும், அவற்றை நம்பி வாழும் ஏழைகளின் வீடுகளும்தான். ஒடிசாவின் கோராபுட் மாவட்டப் பழங்குடி கிராமங்களிலும் இறந்த மாட்டின் கறி வழியாக இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நம் கால்நடைத் துறை இதை 'அடைப்பான்' என்கிறது.

நோய்க்குக் காரணம் பேசிலஸ் ஆந்த்ராசிஸ் என்ற பாக்டீரியா. நோயுற்ற மாட்டின் ரத்தத்தில் அது கோடிக்கணக்கில் பெருகி, நஞ்சைச் சுரந்து, பல நேரம் சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடுகிறது. காலையில் மேயப் போன மாடு சாயங்காலம் பிணமாகக் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும், உடல் சரியாக விறைக்காது, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த ரத்தம் வடியும்.

இனி நடப்பதுதான் முக்கியம். உடலை அறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாக்கள் அழுகலைத் தாங்க முடியாமல் சில நாட்களில் பெரும்பாலும் மடிந்துபோகும். கத்தி பட்டு ரத்தம் வெளியே கொட்டினால், காற்றுப் பட்ட பாக்டீரியா கெட்டியான உறை போர்த்திக்கொண்டு ஸ்போர் எனப்படும் சிதலாக மாறிவிடும். உணவு வேண்டாம், நீர் வேண்டாம். பல பத்தாண்டுகள் மண்ணில் அப்படியே கிடக்கும். வடியும் ரத்தத்திலும் இது நிகழ்கிறது. அறுப்பதோ, ஒரு மாட்டின் நோயை ஊர் மேய்ச்சல் நிலத்துக்கே சொந்தமாக்கிவிடுகிறது.

இந்த மாற்றத்தை முழுமையாகக் கண்டு சொன்னவர் ராபர்ட் காக். இன்று போலந்தில் இருக்கும் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அவர் மாவட்ட மருத்துவர். மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீரில் பாக்டீரியாக்களை வளர்த்து, அவை இழையாக நீள்வதையும், இழைக்குள் சிதல்கள் உருவாவதையும், சிதல்கள் மறுபடி பாக்டீரியாவாவதையும் நுண்ணோக்கியில் பார்த்தார். 1876-ல் அதை வெளியிட்டார். குறிப்பிட்ட ஒரு நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாதான் காரணம் என்பது நிலைபெற்றதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு.

சிதல்களின் பொறுமைக்கு ரஷ்யாவின் யமால் தீபகற்பம் சாட்சி. 1941-க்குப் பிறகு அங்கே ஆந்த்ராக்ஸ் தலைகாட்டவில்லை. 2007-ல் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். 2016 கோடையில் கடும் வெப்பம், உறைநிலம் இளகியது. 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மாண்டன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். நோய் போய்விட்டது என்று ஊசியை நிறுத்துவது எவ்வளவு பெரிய பிழை!

மனிதர்களுக்கு இது பெரும்பாலும் தோல் வழியாகவே வருகிறது. அறுத்தவர், தோலை உரித்தவர், கறியைக் கழுவியவர் ஆகியோரின் கையில் உள்ள சிறு கீறல் போதும். அரிப்புடன் ஒரு கொப்புளம் தோன்றி, நடுவில் கறுத்த பொருக்காகும். சுற்றிலும் வீங்கும், ஆனால் வலிக்காது. வலி இல்லாததால் பலர் பொருட்படுத்துவதில்லை. தோலில் வருவதைச் சிகிச்சையின்றி விட்டால் சுமார் 20 சதவீதம் பேர் வரை இறக்கலாம். உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மரணம் மிக அரிது. கறியைத் தின்றால் குடலிலும், சிதலைச் சுவாசித்தால் நுரையீரலிலும் வரும். இவை இன்னும் கொடியவை. நன்றாக வேகவைத்தால் போதும் என்று நம்பக் கூடாது. கறி சட்டிக்குப் போகுமுன் எத்தனை கைகளைத் தொட்டிருக்கும்! ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது அநேகமாகத் தொற்றுவதே இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

தடுப்பூசி புதிதல்ல. 1881-ல் பிரான்ஸில் லூயி பாஸ்டர் ஊரறிய ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் போட்டுக் காட்டினார். இன்று உலகெங்கும் கால்நடைகளுக்குப் பயன்படுவது தென்னாப்பிரிக்காவில் 1930-களில் மேக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கிய வகை. நம் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலும் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி தயாராகிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுதோறும் போட வேண்டும். இது உயிருள்ள தடுப்பூசி என்பதால், போடும் நாட்களில் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலன் கெடும். தொண்டை அடைப்பான் வேறு நோய். அதற்குப் போட்ட ஊசி இதைத் தடுக்காது.

மாடு திடீரென்று செத்து, ரத்தம் வடிந்தால் தொடாதீர்கள், நாய்களை அண்டவிடாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். காதோர ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமே சோதனைக்குப் போதும். பிறகு உடலை அதே இடத்தில் எரிக்கலாம், அல்லது ஆறடிக்குக் குறையாமல் புதைக்கலாம்.

ஆனால் பசியில் இருப்பவரிடம் 'அறுக்காதே' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை என்பதைச் சாமா மக்களின் பதிலே காட்டிவிட்டது. ஒரே ஒரு கறவை மாட்டை இழந்த குடும்பம், இறந்த மாட்டைப் பற்றித் தயங்காமல் தகவல் சொல்ல வேண்டுமானால், ஈடு உடனடியாகக் கைக்கு வர வேண்டும். நோய் கண்ட ஒவ்வொரு ஊரிலும் இலவச ஊசியோடு இந்த இழப்பீட்டையும் அரசுகள் உறுதி செய்ய வேண்டும்.