ஒருமுறை எழுதுவோம், பலமுறை சோதிப்போம்

இணையத்தளத்தை உருவாக்குவதோடு பணி முடிவதில்லை. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கலாம். ஒரு நிரல் உலாவியைத் திறந்து, பயனர் பெயரை இட்டு, பொத்தானை அழுத்தி, வரும் பக்கத்தைச் சரிபார்க்கும். 2004இல் சிக்காகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் இதற்காகவே செலினியம் என்ற மென்பொருளைத் தொடங்கினார்.

பொதுத் துணைநிரல்கள் எதற்கு?

50 சோதனைகள் இருப்பதாகக் கொள்வோம். உள்நுழையும் படிகளை ஒவ்வொன்றிலும் எழுதினால், பொத்தானின் பெயர் மாறும்போது 50 இடங்களில் திருத்த வேண்டும். அப்படிகளை ஒரு துணைநிரலாக எழுதி எல்லாச் சோதனைகளும் அதை அழைத்தால், ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

காத்திருத்தலும் அப்படியே. "5 வினாடி பொறு" என்று எழுதினால், மெதுவான இணைப்பில் அது போதாது. வேகமான இணைப்பில் நேரம் வீண். நல்ல துணைநிரல், தேவையான பகுதி திரையில் தோன்றும் வரை மட்டுமே காத்திருக்கும். காலவரம்பு கடந்தால் தோல்வி என்று அறிவிக்கும்.

தமிழுக்கென ஒரு துணைநிரல்

நெகிரி செம்பிலானில், ஜெலுபு மாவட்டத்திலுள்ள கோலா கிளாவாங்கை எடுத்துக்கொள்வோம். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. ஏகாரக் குறி, கால் என இரு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முதல் வகையில் 'கோலா' 4 குறியீடுகள். இரண்டாம் வகையில் 5.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் தளத்தில் பெயர்கள் ஒரு வகையில் பதிவாகி, தேடுபவர் மற்றொரு வகையில் தட்டினால், "கோலா கிளாவாங்கில் எவரும் இல்லை" என்றே விடை வரக்கூடும். ஆகவே, ஒரே சொல்லை இரு வகையிலும் தட்டி, ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்கும் துணைநிரல் நமக்குத் தேவை. சோதனைநிரலே இரண்டையும் ஒன்றாக்கி ஒப்பிட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தளத்தின் பிழை மறைந்துவிடும். ஒன்றாக்கும் பொறுப்பு தளத்தினுடையது.

கணினித்துறை பயிலும் தமிழ் மாணவர்கள் இத்துணைநிரலை ஒருமுறை எழுதிப் பொதுவில் வைத்தால், அடுத்து வரும் தமிழ்த் தளங்கள் யாவும் பயன்பெறும். நம் ஊரும் பெயரும் தேடுவோர் கையில் கிடைக்கும்.