ஃபெர்ரகாமோ

ஃபெர்ரகாமோ என்பது இத்தாலியின் புளோரன்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆடம்பரக் காலணி, ஆடை நிறுவனம் ஆகும். காலணிக் கைவினைஞரான சால்வத்தோரே ஃபெர்ரகாமோ (1898–1960) 1927ஆம் ஆண்டு இதனை நிறுவினார்.

தோற்றம்

சால்வத்தோரே, நேப்பிள்சு அருகிலுள்ள போனித்தோ என்ற சிற்றூரில் 14 பிள்ளைகளுள் 11ஆவதாகப் பிறந்தார். செருப்புத் தைப்பது அங்கு தாழ்ந்த தொழிலாகக் கருதப்பட்டதால் பெற்றோர் முதலில் அவரைத் தடுத்தனர். பதின்ம வயதில் அமெரிக்கா சென்ற அவர், கலிபோர்னியாவில் திரைப்படங்களுக்குக் காலணிகள் செய்து புகழ்பெற்றார். அழகான காலணிகள் பாதத்தை ஏன் வருத்துகின்றன என்பதை அறிய உடற்கூறியல் பயின்றார். நிற்கும்போது உடல் எடை பாதத்தின் நடு வளைவில் இறங்குகிறது என்பதும், அவ்வளைவைத் தாங்க வேண்டும் என்பதும் அவரது முடிவு. இதற்காகக் காலணியின் உள்ளே எஃகுத் தகடு பொருத்தினார்.

தட்டுப்பாடும் புதுமையும்

தாயகம் திரும்பித் தொடங்கிய தொழில், பொருளாதாரப் பெருமந்தத்தால் 1933இல் திவாலானது. அவர் மீண்டெழுந்த வேளையில் வேறொரு சிக்கல் வந்தது. 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்ததால் பன்னாட்டுச் சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. தரமான எஃகு கிடைக்காமல் தகடுகள் ஒடிந்தன. அப்போது அவர், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தைச் சார்டினியத் தக்கையால் நிரப்பினார். தகடு இல்லாமலே வளைவு தாங்கப்பட்டது. இன்று உலகெங்கும் அணியப்படும் ஆப்பு வடிவக் குதிகால் இவ்வாறு பரவலாயிற்று. தோல் அரிதானபோது வைக்கோல் நாரும், மிட்டாய் சுற்றும் கண்ணாடித்தாளும் மேற்பகுதிக்குப் பயன்பட்டன. நைலான் இழைகளாலான ‘கண்ணுக்குத் தெரியாத செருப்பு’ வெளிவந்த 1947இல் அவருக்கு நைமன் மார்க்கசு விருது கிடைத்தது.

வாண்டாவின் காலம்

1960இல் சால்வத்தோரே இறந்தபோது மனைவி வாண்டாவுக்கு வயது 38, பிள்ளைகள் அறுவர். அதுவரை வேலைக்குச் சென்றிராத அவர், நிறுவனத்தை விற்காமல் தாமே பொறுப்பேற்றார். காலணிப் பட்டறை, ஆடை, கைப்பை, பட்டுத் துணிகள், நறுமணப் பொருள்கள் விற்கும் நிறுவனமாக வளர்ந்தது. மூத்த மகள் ஃபியாமா 1978இல் வடிவமைத்த ‘வாரா’ காலணி இன்றும் விற்பனையாகிறது.

இன்றைய நிலை

1938இல் சால்வத்தோரே வாங்கிய ஸ்பீனி ஃபெரோனி மாளிகையில் 1995இல் காலணி அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. 2011இல் நிறுவனத்தின் பங்குகள் மிலான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. எனினும் பெரும்பான்மைப் பங்குகள் குடும்பத்தாரிடமே உள்ளன.