விழுந்த ஓட்டமும் வென்ற ஓட்டமும்

ஆசிரியத் தொழிலில் அதிகமாக உழைக்கும் உறுப்பு வாய். கால்களோ, வகுப்பறைக்கும் ஆசிரியர் ஓய்வறைக்கும் இடையிலுள்ள முப்பது யார் தூரத்தையே நெடும் பயணமாகக் கருதிப் பழகியவை. இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், இவ்வாண்டின் தொடக்கத்தில் எமது வைத்தியர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையிலெடுத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எம்மை நோக்கினார். சித்தியடையாத மாணவனிடம் விடைத்தாளை நீட்டும்போது நாம் எவ்வாறு நோக்குவோமோ, அவ்வாறே இருந்தது அந்நோக்கு. "நீரிழிவு தொடங்கிவிட்டது. நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும்" என்றார்.

நகைத்துத் தள்ளக்கூடிய செய்தியன்று அது. எமது தந்தையார் அதே நோயினால் முதலில் ஒரு காலையும், இரண்டாண்டு கழிந்து உயிரையும் இழந்தவர். அவர் அணியாது விட்ட ஒற்றைச் செருப்பு எமது வீட்டு விறாந்தையில் நெடுநாட் கிடந்தது. அதை எடுத்தெறிய அன்னைக்கு மனம் வரவில்லை.

வீதியிலே நடக்கலாமே என வாசகர் வினவலாம். வீதியின் ஒரு பாதி மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் மறு பாதி நாய்களுக்கும் உரியது. எஞ்சிய இடத்தில் எமது மாணவர் நின்று, "சேர், எங்கே போறியள்?" என வினவுவர். ஆகவே மகள் வாங்கித் தந்த புதிய சப்பாத்துக்களை அணிந்து, நகரிலுள்ள உடற்பயிற்சி நிலையமொன்றைச் சரணடைந்தோம்.

அங்கே 'ட்ரெட்மில்' எனப்படும் ஓடுபொறி ஒன்று எமக்கு ஒதுக்கப்பட்டது. அதிலே பாதை ஓடும். மனிதன் நின்ற இடத்திலேயே நிற்பான். பயிற்றுநராக இருந்தவர் முன்னாளில் எம்மிடம் பௌதிகவியல் கற்று 32 புள்ளி பெற்ற மாணவர். "சேர், முதல் நாள் மணிக்கு 3 கிலோமீற்றர் போதும். இந்தச் சிவப்புக் கயிற்றைச் சேட்டிலே கொழுவிக்கொள்ளுங்கோ, தவறினால் மிசின் தானாக நிற்கும்" என்றார். 32 புள்ளிக்காரர் எமக்குப் பாடஞ் சொல்வதா என ஓர் எண்ணம் உள்ளத்தில் எழுந்தது. கயிறு கொழுவப்படாமலே தொங்கியது.

பக்கத்துப் பொறியிலே முதியவர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பாரிசவாதத்தினால் இடக்கை மடங்கியிருந்தது. இடக்கால் சற்று இழுபட்டது. வேகம் 2 எனக் காட்டியது. உதடுகள் மட்டும் இடைவிடாது அசைந்தன. அவரைக் கண்டதும் எமக்கு இரக்கம் பிறந்தது. இரக்கத்தின் பின்னாலேயே பெருமிதமும் பிறந்தது. 3 என்பதை 5 ஆக்கினோம். 5 என்பதை 8 ஆக்கினோம். அவர் எமது வேகத்தைக் கவனிக்கின்றாரோ எனக் கடைக்கண்ணால் நோக்கினோம். அந்தக் கணத்திலே கால் தயங்கியது.

மணிக்கு 8 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். பட்டையின் நீளமோ ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். எனவே கால் நின்றவன் ஒரு செக்கன் முடியுமுன்பே பட்டையின் முடிவை அடைவான் என்பது கணக்கு. இருபது ஆண்டுகளாக நாம் கரும்பலகையில் விளக்கிய சடத்துவ விதியை அன்று முழு உடம்பாலும் விளக்கினோம். பின்னாலிருந்த பெரிய றப்பர்ப் பந்துகளிடையே போய் விழுந்தோம். அவற்றுளொன்று துள்ளிச் சென்று, கண்ணாடி முன் நின்று தம் புயங்களை வியந்துகொண்டிருந்த இளைஞரொருவரின் முதுகில் மோதியது. நிலையம் முழுவதும் அமைதி. நாம் ஏறிய பொறி மட்டும் எம்மை மறந்து ஓடிக்கொண்டேயிருந்தது.

முதலில் வந்தவர் அந்த முதியவர். தமது பொறியை நிறுத்தி, இழுபட்ட காலுடன் வந்து, வழங்கிய ஒற்றைக் கையை நீட்டினார். "மாஸ்ரர், முதலில் மிசினை நிப்பாட்டுவம், வெட்கப்படுறதைப் பிறகு பார்ப்பம்" என்றார்.

முழங்கால் வீங்கியது. அதனினும் அதிகமாக மானம் வீங்கியது. இனி அங்கே செல்வதில்லை என உறுதி பூண்டோம். சப்பாத்துக்கள் விறாந்தையிலே கிடந்தன. அவை கிடந்த இடம் தந்தையாரின் செருப்புக் கிடந்த இடமே என்பதை மனைவி வாய்திறந்து சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் அவ்விடத்தில் சற்றே நின்றார்.

மூன்றாம் நாள் மாலை முதியவர் எமது இல்லந் தேடி வந்தார். நீரிழிவுகாரருக்குப் பழமும் பலகாரமும் கொண்டுவர இயலாதாகையால், ஒரு பிடி முருங்கையிலை கொண்டு வந்தார். தபாற் கந்தோரிலே பணியாற்றி இளைப்பாறியவர், கிறிஸ்தவர். அவரை மகிழ்விக்கக் கருதி, ஓடுபொறி குறித்து நாம் படித்ததொன்றைக் கூறினோம். 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக்கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை வகுத்தார். கைதிகள் மணிக்கணக்காக அதன் படிகளை மிதிப்பர், ஓரடியும் முன்னேறார். பிற்காலத்தில் கொடுமையெனக் கைவிடப்பட்ட அத்தண்டனைக் கருவியின் பெயரே இன்றைய பொறிக்கும் வழங்குகின்றது. முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப, நாங்கள் காசு குடுத்து மறியலுக்குப் போறம்!"

பின்னர், அவர் நடக்கும்போது உதடுகள் அசைவதேன் என வினவினோம். சற்றுத் தயங்கியே சொன்னார். பாரிசவாதம் வந்த முதலாண்டில் எத்தனை முறை விழுந்தாரென்று அவருக்கே கணக்கில்லை. "எனக்காக மட்டும் நடந்தபோது அலுத்துப் போச்சு, மாஸ்ரர். பிறகு நிமிடத்துக்கு ஒரு பெயர் என்று செபிக்கத் தொடங்கினேன். இருபது நிமிடம், இருபது பேர். அவர்களை நடுவழியில் விட்டுவிட்டு இறங்க மனம் வருமோ?" என்றார்.

நாம் அவருடைய வேகத்தை எண்ணி இரங்கியபோது அவர் யாருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ, நாம் அறியோம்.

அவர் சென்றபின், உடற்பயிற்சிக்கும் கிறிஸ்தவ சமயத்துக்கும் உள்ள உறவினை அறியச் சில நூல்களைப் புரட்டினோம். உறவு பழையது. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே பவுல் அடிகள் நிருபம் எழுதிய கொரிந்து நகரின் அருகே, ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்மிய விளையாட்டுக்கள் நிகழ்ந்தன. வென்றவனுக்குப் பரிசு பைன் தழையாலோ வாடிய செலரிக் கீரையாலோ தொடுத்த முடி. வாடிப்போகும் முடிக்காக ஒருவன் இத்துணை அடக்கத்தோடு உடம்பைப் பழக்குவானாயின், வாடாத முடிக்காக ஓடுவோர் எத்துணைப் பழக வேண்டும் என்பது பவுலடிகள் அம்மக்களுக்குக் காட்டிய உவமை. உடம்பு தூய ஆவி உறையும் ஆலயம் என்பதும் அவர் கருத்து. எமது திருமூலரும் உடம்பினுள்ளே இறைவனைக் கண்டபின் அதனைப் பேணத் தலைப்பட்டவரல்லரோ? இரு பெரியாரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இவ்விடத்திலே ஒரே முற்றத்தில் நிற்கின்றனர்.

1844ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இலண்டன் மாநகரில், துணிக்கடைப் பணியாளரான ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் தோழர் சிலருடன் கூடிக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை நிறுவினார். செபத்துக்கெனத் தொடங்கிய அச்சங்கம் நாளடைவில் உடற்பயிற்சிக்கும் தாயகமாயிற்று. அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த அதன் பயிற்சிப் பள்ளியிலே, சமயக் கல்வி கற்றுத் தேறிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் பீச் பழக்கூடைகளை மேல்மாடத்தின் விளிம்பில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தை அமைத்தார். 1895இல் அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். இலங்கையின் தேசிய விளையாட்டாகிய கரப்பந்தாட்டம் இவ்வாறு ஒரு கிறிஸ்தவ சங்கத்தின் கூடத்திலே பிறந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

ஆயினும் எமது உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் எரிக் லிடெல். ஸ்கொத்லாந்துப் பெற்றோருக்குச் சீனாவிலே பிறந்த இவர், 1923ஆம் ஆண்டு ஸ்ரோக் நகரில் நிகழ்ந்த 440 யார் ஓட்டத்திலே, தொடக்கத்திலேயே இடிபட்டுப் பாதைக்கு வெளியே விழுந்தார். எழுவதற்குள் மற்றையோர் ஏறக்குறைய 20 யார் முன்னே சென்றுவிட்டனர். எனினும் எழுந்தோடி வென்றார். மறுவருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீற்றர் ஓட்டத்தின் முதற்கட்டம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தமையால், ஓய்வுநாளில் ஓடுவதில்லையென அதனைத் துறந்தார். பின்னர் 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

1925இல் சமயத் தொண்டுக்காகச் சீனா சென்ற அவரை, போர்க்காலத்திலே யப்பானியர் வெய்சியன் முகாமில் அடைத்தனர். அங்கே அவர் சிறுவர்க்கு விளையாட்டுக்களை ஒழுங்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் தாமே ஆடிச் சண்டையிட்டுக் கொண்டபோது, அந்நாளிலும் நடுவராக நிற்க இசைந்தார். தமது பொன்னுக்காக ஞாயிறன்று ஓடாதவர், பிறர் பிள்ளைகளின் ஒற்றுமைக்காக ஞாயிறன்று மைதானத்தில் இறங்கினார். 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்முகாமிலேயே மூளைக்கட்டியினால் இறந்தார். வயது 43. ஏறத்தாழ எமது வயதுதான்.

இதனைப் படித்தபின்னரே எமது வீழ்ச்சியின் காரணம் விளங்கியது. பட்டையின் வேகம் அன்று காரணம். பக்கத்து மனிதரின் எண்ணைப் பார்த்து ஓடியதே காரணம். யாரை விட வேகமாக ஓடுகின்றோம் என்று பார்த்தோம். யாருக்காக ஓடுகின்றோம் என்பது எமக்கு நினைவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சப்பாத்துக்களை அணிந்தோம். பயிற்றுநர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரவேற்றார். கயிற்றை நாமே கேட்டு வாங்கிக் கொழுவினோம். வேகம் 3. பக்கத்திலே முதியவர், வேகம் 2. அவர் இறங்கியபோது, "இன்றைக்கு இருபத்தொரு நிமிடம், மாஸ்ரர்" என்றார்.

"ஏன், ஐயா?"

"நீங்கள் விழுந்த நாள் தொட்டு ஒரு பெயர் கூடிப் போச்சு."

அன்று முதல் நாமும் பெயர் சொல்லியே நடக்கின்றோம். அவர் தம் ஆண்டவரை விளிக்கின்றார். நாம் நல்லூர்க் கந்தனை விளிக்கின்றோம். முதலாம் நிமிடம் தந்தையாருக்கு உரியது. அம்முதியவரின் பெயரும் ஒரு நிமிடம் பெறுகின்றது. சென்ற மாதப் பரிசோதனை அறிக்கையைக் கண்ட வைத்தியர், இம்முறை கண்ணாடிக்கு உள்ளாலேயே எம்மை நோக்கினார்.

சிவப்புக் கயிற்றையும் நாம் மறப்பதில்லை.