ஐ9 இருக்கட்டும், மானிட்டர் என்ன?

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகனுக்குக் கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறாராம். "முதல்ல ஐ9 போட்டுடுங்க சார், கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்குச் சின்னதா வச்சுக்கலாம்" என்கிறாராம் கடைக்காரர். பிராசசர் எதுவானாலும் சரி, கார்டு பெரிதாக வேண்டும் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

என்ன மானிட்டர் வாங்கப் போகிறீர்கள் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். பின்னாலேயே தங்கைகள் வண்ணப்பொடி தூவிக்கொண்டு வருவார்கள். விளையாட்டின் ஒவ்வொரு ஃப்ரேமும் இப்படித்தான் உருவாகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எந்தச் சுவர் இடிந்தது என்று கணக்குப் போட்டு, இன்னதை வரை என்று உத்தரவு கொடுப்பது பிராசசர். வரைந்து நிறம் நிரப்புவது கார்டு. அதே புள்ளிக் கணக்கில் கோலத்தை அகலமாக்கினால் அம்மாவுக்கு வேலை கூடாது, தங்கைகளுக்குத்தான் கை வலிக்கும். 1920 × 1080 திரையில் இருப்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. கூடுகிற வேலை முழுவதும் கார்டின் தலையில்தான் விழும். பிராசசருக்கு வேலை ஏறக்குறைய பழையபடியேதான்.

ஆகவே 4கே மானிட்டர் என்றால் காசு கார்டுக்குப் போகட்டும். மாறாக, 1080பி திரையில் வேலோரண்ட்டோ கவுன்டர் ஸ்ட்ரைக் 2-வோ நொடிக்கு 240 ஃப்ரேமில் ஆட வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 4 மில்லிசெகண்டுக்குச் சற்றே மேல். அங்கே முதலில் மூச்சு வாங்குவது பிராசசர். இந்தப் பிராசசரோடு இந்தக் கார்டைச் சேர்த்தால் இத்தனை சதவீதம் 'பாட்டில்நெக்' என்று ஒற்றை எண்ணில் தீர்ப்புச் சொல்கிறார்களே, அதற்கு ஜாதகப் பொருத்தத்துக்கு உள்ள மதிப்புக்கூடக் கிடையாது. விளையாட்டு மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும்.

பிராசசர்களில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதற்கு மூத்த 5800எக்ஸ் போலவே இதற்கும் 8 கோர்தான். உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்கு இறங்கியும் இருந்தது. ஆனால் பல விளையாட்டுகளில் இது மூத்ததைத் தாண்டி ஓடியது. காரணம், பிராசசருக்குள்ளேயே விவரங்களைக் கையருகே வைத்திருக்கும் நினைவகமான 32 எம்பி எல்3 கேஷின் தலைமேல் இன்னொரு சிலிக்கான் துண்டை அடுக்கி 64 எம்பியைக் கூட்டியிருந்தார்கள். ஒரு ஃப்ரேமுக்குள் ஆயிரக்கணக்கான பொருள்களின் விவரங்களைப் பிராசசர் அங்குமிங்குமாகத் தொட வேண்டியிருக்கிறது. வேண்டிய விவரம் கேஷில் இல்லையென்றால் ராமுக்குப் போக வேண்டும். அது வந்து சேர்வதற்குள் சில நூறு சுற்றுகள் வீணாகிவிடும். 96 எம்பி கையருகே இருந்தால் இந்தக் காத்திருப்பு பெருமளவு குறையும். வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளுக்கு இதனால் பெரிய லாபமில்லை. அங்கே மூத்ததே சற்று முந்தும்.

வேகத்தை ஏன் குறைத்தார்கள்? மேலே ஓர் அடுக்கு உட்கார்ந்துவிட்டால் கீழேயிருக்கும் கோர்களின் சூடு வெளியேறச் சிரமம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அடுக்கைத் தலைகீழாக்கி, கேஷைக் கீழேயும் கோர்களை மேலே கூலருக்கு அருகிலும் வைத்தார்கள். இவ்வளவு எளிய யோசனையைச் செய்து முடிக்க எத்தனை நுணுக்கம் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நாமோ இன்னும் ஸ்டிக்கரைப் பார்த்தே வாங்குகிறோம். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய 2012-ம் வருட ஐ7-3770 பெட்டியில் ஒரு கார்டைச் சொருகி, "ஐ7 கேமிங் பிசி" என்று விற்கிறார்கள். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர்தான். ஆனாலும் அந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்தில் நிற்காது. பெயரில் பணத்தைக் கொட்டிவிட்டு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிப்பதும், இரண்டு ராம் போட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்துவதும் இன்னொரு கொடுமை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் செட்டிங்ஸில் 60-ஐ மாற்றாமலேயே வருடக்கணக்கில் ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே கார்டு போட்ட பிசி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளையாட்டின் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகக் கூடினால் திணறுவது கார்டு. அசையாமல் நின்றால் பெரும்பாலும் பிராசசர். டாஸ்க் மேனேஜர் பிராசசர் பயன்பாட்டை 30 சதவீதம் என்று காட்டுகிறதே என ஏமாற வேண்டாம். ஒரே ஒரு கோர் முழு மூச்சில் ஓடி, மற்றவை லேசாக மட்டும் வேலை செய்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும்.

நாமக்கல் வாசகருக்கு: மகனிடம் என்ன விளையாட்டு, எந்த மானிட்டர் என்று கேளுங்கள். 1440பி திரையில் எல்லாவற்றையும் ஆடுவேன் என்றால் இந்தத் தலைமுறை 6 கோர் பிராசசர் தாராளம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்கியது போக மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள். ஐ9 கடையிலேயே இருக்கட்டும்.